கொழும்பில் சிறிய ஓவியக்கூடம்: முதலில் ஏசியைப் பாருங்கள்

கேள்வி: கொழும்பில் நண்பர்கள் சேர்ந்து சிறியதாக ஓர் ஓவியக்கூடம் தொடங்கப் போகிறோம். சூழலுக்கு அதிகம் கேடில்லாமல் நடத்த முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

பம்பலப்பிட்டியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துக் கூடம் நடத்துகிறேன். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது 2020-இல் லண்டனில் தொடங்கிய கேலரி கிளைமேட் கோலிஷன் அமைப்பின் வழிகாட்டிகள். 2030-க்குள் கலைத்துறையின் கரிம வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைப்பது அவர்கள் இலக்கு. நல்ல வேலைதான். ஆனால் அங்கே பேச்செல்லாம் விமானச் சரக்கு, விமானப் பயணம், வெளிநாட்டுக் கலைச் சந்தைகள். எங்கள் கூடத்துக்குப் படம் வருவது இராஜகிரியவிலிருந்து ஓட்டோவில், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய செலவும் ஏசிதான், பெரிய பாவமும் ஏசிதான்.

பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்த பிசோ குழு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: வெப்பநிலை 16 முதல் 25 பாகை, ஈரப்பதன் 40 முதல் 60 வீதம். முன்பிருந்த கடுமையான அளவுகளோடு பார்த்தால் இதுவே தளர்வானது. ஆனால் கொழும்பில் வெளிக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேலேதான் நிற்கும். ஏசியை மட்டும் நம்பி அதை 60-க்கு இறக்குவதென்றால் இரவு பகல் ஓட விட வேண்டும். எந்தச் சின்னக் கூடத்துக்கு அது கட்டுப்படியாகும்?

ஆகவே எல்லோரும் செய்வது, பகலில் 18-இல் போட்டுவிட்டு மாலையில் பூட்டும்போது நிறுத்திவிடுவது. இதைவிட ஏசியே இல்லாமல் இருக்கலாம். இங்கே காற்றின் பனிநிலை 24 பாகையை ஒட்டியது. அதாவது அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். நாள் முழுக்கக் குளிர்ந்த சுவர், ஏசி நின்ற பிறகு கதவிடுக்கால் வரும் ஈரக் காற்றில் வியர்க்கத் தொடங்கும். முதலில் நனைவது சட்டத்தின் பின்பக்கம், யாரும் பார்க்காத இடம். ஈரப்பதன் 70-ஐத் தாண்டி நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும்.

எங்கள் ஏற்பாடு இதுதான். காட்சிக் கூடத்தில் சாதாரண நாட்களில் மின்விசிறி மட்டும். கூரை உயரம், நடுவில் சின்ன முற்றம், காற்று நன்றாக ஓடும். கூட்டம் நெரிகிற நாளில் மட்டும் ஏசி, அதுவும் 26-இல். உள்ளே ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறையைக் களஞ்சியமாக்கி, கதவுக்கு ரப்பர் பட்டி ஒட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறோம். அந்தச் சின்ன அறையை 60 வீதத்துக்குக் கீழே வைத்திருக்க ஆகும் மின்சாரம், முழு வீட்டையும் குளிர்விப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. காட்சி முடிந்ததும் படங்கள் அங்கே போய்விடும். ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் நான்கு மூலையில் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகட்டும். கடற்கரைப் பக்கம் என்றால் இரும்புக் கொளுக்கி வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுவரையும் படத்தையும் கறையாக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இது கன்வஸில் தீட்டிய எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களுக்குத்தான் சரிவரும். பழைய நீர்வண்ணம், காகித வேலைகள், புகைப்படம் என்றால் வேறு கதை. 1943-இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர் அணியான 43 குழுவின் காலத்துக் கோட்டோவியம் ஒன்றை யாராவது இரவல் தருகிறேன் என்றால், அதை ஏற்காமல் விடுவதுதான் நேர்மை என்பது என் கட்சி. படத்தைக் கெடுத்துவிட்டுச் சூழலைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியாது.

ஏசி இல்லாவிட்டால் வாங்குகிறவர்கள் வருவார்களா என்று கேட்பீர்கள். 1993-இலிருந்து கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை ஆண்டுதோறும் கொழும்பு 7-இல் தெருவோரம், மர நிழலில் நடக்கிறது. வெயிலில் நின்று பேரம் பேசி வாங்குகிறார்கள்.

கரண்ட் விஷயத்தில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தது 2022. மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். பிறகு இறங்கியது உண்மைதான். ஆனாலும் மழை குறைந்து நீர்மின்சாரம் படுத்தால் நுரைச்சோலை நிலக்கரியும் டீசலும்தான் நம் விளக்கை எரிக்கின்றன. 50 வாட் ஹலோஜனை எடுத்துவிட்டு 7 வாட் எல்ஈடி போட்டால் வெளிச்சம் குறையாது, அறைச் சூடு குறையும். காகித வேலைகளுக்கு எப்படியும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் தேவையில்லை.

அடுத்தது பிளாஸ்டிக். இங்கே சுவர் எழுத்து என்றால் மூன்று மொழியிலும் போட வேண்டும், ஆகவே ஒவ்வொரு கண்காட்சிக்கும் மூன்று மடங்கு வினைல் ஸ்டிக்கர் குப்பைக்குப் போகும். நாங்கள் போர்ட் எழுதுகிறவரைக் கூப்பிட்டுத் தூரிகையால் எழுதுவிக்கிறோம். அடுத்த முறை அதன் மேல் ஒரு பூச்சு, முடிந்தது. அவருடைய தமிழ் எழுத்து எந்தக் கணினி எழுத்துருவையும்விட அழகு, அது வேறு விஷயம். பிளெக்ஸ் பனருக்குப் பதில் துணி. பொதி கட்ட ரெஜிபோம், பப்பிள் ரப் எல்லாம் ஒரு தடவைப் பாவனை. பழைய பருத்திப் போர்வையில் சுற்றி, அளவுக்கு அளவு செய்த ஒட்டுப்பலகைப் பெட்டியில் அனுப்பி, பெட்டியைத் திருப்பி எடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிக்கும் ஒட்டுப்பலகை நல்லது. சாதாரண மரப் பலகையென்றால் வெப்பம் ஏற்றியோ புகையூட்டியோ முத்திரை வாங்க வேண்டும், ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை. உல்லாசப் பயணி வாங்கினால் சட்டத்தைக் கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுகிறோம், தனிச் சரக்கே தேவையில்லை. வண்ணம் தடிப்பாக அப்பிய எண்ணெய் ஓவியத்தை மட்டும் சுருட்டாதீர்கள், வண்ணத்தில் வெடிப்பு விழும்.

திறப்பு விழா பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் தடை. வடையும் பிளேன்டீயும் போதும்.

சோலார் கேட்பார்கள். கட்டடம் உங்களுடையதென்றால் தாராளமாகப் போடுங்கள். வாடகை வீட்டில், அதுவும் இரண்டு வருட ஒப்பந்தத்தில், நான் போட மாட்டேன். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டபோது "கூரையில ஓட்டை போட்டா மழைக்கு நீங்களா வந்து நிப்பீங்க?" என்றார். அந்தப் பணத்தில் முதலில் ஈரப்பதன்மானி ஒன்றும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வாங்குங்கள். மானியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல், கடல் பக்கச் சுவரில், ஒரு படத்தின் பின்னால் வைத்துக் காலையிலும் மாலையிலும் குறித்து வாருங்கள். இடத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.