படகின் பேட்டரியும் மின்கசிவும்: கேள்வி-பதில்

கே: எல்லாக் கருவிகளையும் அணைத்த பிறகும் பேட்டரி சில நாட்களில் இறங்கிவிடுகிறது. கசிவை எப்படி அளப்பது?

ப: நேர்முனைக் கேபிள்கள் அனைத்தையும் ஒன்றாகக் கழற்றி, முனைக்கும் அவற்றுக்கும் நடுவே மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளை. அளவு சிறிதென்று தெரிந்த பிறகே மில்லி ஆம்பியர் துளை. ரேடியோவின் நினைவகம், வாயு எச்சரிப்பான் போன்றவை சில பத்து மில்லி ஆம்பியர் இழுப்பது இயல்பு. அதற்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ, கோளாறு அந்தச் சுற்றில்தான். மீட்டர் இணைப்பில் இருக்கையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கே: ஆம்பியரில் வைத்து இரு முனைகளையும் தொட்டேன். பொறி பறந்தது, மீட்டர் வேலை செய்யவில்லை. மட்டமான மீட்டரா?

ப: மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரியை ஷார்ட் செய்தவர் நீங்கள். உள்ளிருக்கும் ஃபியூஸை மாற்றிவிட்டு, முந்தைய பதிலை நிதானமாகப் படியுங்கள்.

கே: மற்ற உலோகங்கள் அரிக்காமல் காக்க, அவற்றுக்குப் பதிலாகத் தான் கரையும்படி புரொப்பல்லர் தண்டில் பொருத்திய துத்தநாகத் தகடு சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. பெரியதாகப் போடலாமா?

ப: இக்கேள்வியை அனுப்புகிறவர்களில் ஒருவராவது மீட்டர் காட்டிய அளவையும் சேர்த்து எழுதினால் மகிழ்வேன். வெவ்வேறு உலோகங்கள் கடல்நீரில் தாமாக உண்டாக்கும் மின்னழுத்தம் பொதுவாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. கசியும் பேட்டரியோ 12 வோல்ட்டோடு தள்ளுகிறது. ஒரு ஆம்பியர் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் ஏறத்தாழ 10 கிலோ துத்தநாகம் போய்விடும். பெரிய தகடு போட்டால் கசிவுக்குத் தீனி அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் குற்றவாளி, படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சுக்குப் போகும் கம்பிதான். அது பேட்டரியிலிருந்து நேராக வருவதால் மெயின் சுவிட்சை அணைத்தாலும் உயிரோடு இருக்கும். அதன் இணைப்பையோ வெறுமனே முறுக்கி, டேப் சுற்றி, தேங்கிய நீரிலேயே விட்டிருப்பார்கள். டேப்பைப் பிரித்துப் பாருங்கள்: செம்பு பச்சைப் பொடியாக உதிரும். கருகிய பகுதியை வெட்டி எறிந்து, நீர் எட்டாத உயரத்தில் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் கம்பிகளை நசுக்கி இணைத்து), உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். சோதனையைப் படகு நீரில் இருக்கும்போதே, பில்ஜில் சிறிது நீரோடு செய்யுங்கள். கரையேற்றிக் காயவைத்த படகில் கசிவு ஒளிந்துகொள்ளும்.

கே: மரப்படகில் தகடுகள் கூடினால் தீங்கு உண்டா?

ப: உண்டு. உலோகப் பொருத்துகளைச் சுற்றிக் காரம் பெருகி மரம் நைந்துபோகும்.

கே: கரை மின்சாரம் இணைந்திருக்கும்போதே சோதிக்கலாமா?

ப: கூடாது, சார்ஜர் ஓடினால் அளவு பொய்யாகும். பிளக்கைக் கழற்றிச் சோதித்துக் கசிவு இல்லையென்றாகி, கரை மின்சாரம் இணைந்த நாட்களில் மட்டும் தகடு கரைகிறதென்றால், எர்த் கம்பி வழியே உங்கள் படகு பக்கத்துப் படகுகளோடு பிணைந்திருக்கிறது. எர்த் கம்பியில் பொருத்தும் கால்வானிக் ஐசொலேட்டர் என்னும் தடுப்புக் கருவி ஏறக்குறைய 1.2 வோல்ட் வரைதான் தடுக்கும். பக்கத்துப் படகிலிருந்து வருவது 12 வோல்ட் கசிவானால் கரையோடு நேரடிக் கம்பித் தொடர்பின்றி மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டும்.