சிக்னலில் கொதித்து, ஓடும்போது ஆறும் கார்: எஞ்சினை இறக்கும் முன் விசிறியைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் 2014 வேகன் ஆர் ஒன்று இருக்கிறது. பாவித்த வண்டியாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வேலை கொள்ளுப்பிட்டியில், வீடு வெள்ளவத்தையில். ஒரு மாதமாகப் பின்னேரங்களில் காலி வீதி சிக்னல்களில் நிற்கும்போது முதலில் ஏ.சி. குளிரில்லாமல் போகிறது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு டெம்பரேச்சர் லைட் மினுங்கத் தொடங்குகிறது. மரைன் டிரைவுக்குத் திரும்பி வேகமாக ஓடினால் அணைந்துவிடும். கூலன்ட்டும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் குறைகிறது. ஒரு கராஜில் ஹெட் கெஸ்கட் போய்விட்டது, ஒன்றரை இலட்சம் ஆகும் என்றார்கள். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி ஓடலாம் என்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு இதே காரில் யாழ்ப்பாணம் போகும் எண்ணம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால் சூடேறுகிறது, ஓடினால் ஆறுகிறது, அதற்கும் முன்னால் ஏ.சி. குளிர் போகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றோட்டத்தைத்தான்.

காரின் முன்பக்கம் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சரும், அதன் பின்னால் எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரும் ஒட்டியபடி நிற்கின்றன. ஓடும்போது எதிர்க்காற்றே இரண்டையும் குளிர வைக்கும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். இந்த மாதிரிச் சின்ன ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விசிறிதான். அது சுழலாவிட்டால் முதலில் கொண்டென்சர் சூடாகி ஏ.சி. காற்று வெதுவெதுப்பாகும், பிறகு ரேடியேட்டர் தண்ணீர் சூடாகும். நீங்கள் எழுதியிருப்பதும் அதே வரிசைதான். ஹெட் கெஸ்கட் என்பது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையில் இருக்கும் தகடு. அது போன வண்டி பெரும்பாலும் இப்படி நடக்காது. அது ஏற்றத்திலும், நெடுஞ்சாலையில் மிதித்து ஓடும்போதும்தான் கூடுதலாகக் கொதிக்கும். சிக்னலில் மட்டும் கொதித்து மரைன் டிரைவில் சமர்த்தாகிவிடாது.

ஞாயிறு காலையில், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது பொனட்டைத் திறந்து வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை ‘பி’யில் வைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏ.சி.யை முழுக் குளிருக்கு வையுங்கள். சில விநாடிகளில் விசிறி சுழல வேண்டும். சில வண்டிகளில் விட்டு விட்டுச் சுழலும் என்பதால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கை, சேலை முந்தானை, துப்பட்டா, தலைமுடி எதுவும் அருகில் போகக் கூடாது. சுழலாமல் நிற்கும் விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கும். சுழன்றால் ஒரு தாளை முன் கிரில்லில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. வெளியே தள்ளினால் யாரோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. சிரிக்காதீர்கள், முன்பக்கம் இடிபட்டுத் திருத்திய வண்டிகளில் இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

சுழலவே இல்லையென்றால் பியூஸ், ரிலே, மோட்டர் என்ற வரிசையில் பாருங்கள். பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். விசிறிக்குக் கரண்டை விடும் சின்ன சுவிட்ச்தான் ரிலே. அதைக் கழற்றி, அதே பெட்டியில் அதே இலக்கம் அச்சிட்ட வேறொரு ரிலேயை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கலாம். விசிறி சுழன்றால் உங்கள் வியாதி அந்தப் பழைய ரிலேதான். அதற்கும் அசையாவிட்டால் கராஜில் மோட்டருக்கு பற்றரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டரின் முதுகில் மெல்லத் தட்டியதும் சுழன்றால் உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டைகள் தேய்ந்துவிட்டன. இன்றைக்கு ஓடும், நாளைக்கு பம்பலப்பிட்டி சந்தியில் நிற்கும். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இது சாதாரணம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் இந்த ஊரில் ஓடும் கார்களில் பல இப்போது இந்த வயதில்தான் நிற்கின்றன.

விசிறி நன்றாகச் சுழன்றும் சூடேறினால் அடுத்த சந்தேகம் ரேடியேட்டர் மேல். நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், வண்டி இரவு முழுவதும் உப்புக் காற்றைக் குடிக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் வெளியில் இருந்து பார்க்க ஒழுங்காகத் தெரியும், விரல் பட்டதும் அப்பளம் போல உதிரும். தகடு உதிர்ந்த ரேடியேட்டரில் தண்ணீர் ஓடினாலும் சூடு வெளியேறாது, அதை மாற்றத்தான் வேண்டும். கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசியும் பூச்சியும் கம்பளிபோல அடைந்திருந்தால் மட்டும் கழுவினால் போதும். அதையும் சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடிக்க விடாதீர்கள், தகடுகள் மடிந்து வழி இன்னும் அடைபடும். சாதாரணத் தண்ணீர்க் குழாயால் உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்ல அடித்தால் போதும்.

இன்னொன்று, விசிறியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும், பம்பருக்குக் கீழே ஒரு தட்டும் இருக்கும். கராஜ்களில் கழற்றியபின் திரும்பப் பூட்டச் சோம்பல்பட்டு மூலையில் எறிந்துவிடுவார்கள். அவை இல்லாவிட்டால் விசிறி வெளியே தள்ளிய சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, கூலன்ட் ஏன் குறைகிறது? காற்றில்லாமல் கொதித்த தண்ணீர் வெளியே தள்ளப்படுவதாலேயே கொஞ்சம் குறையலாம். ஆனால் ரேடியேட்டர் மூடியையும் சந்தேகப்படுங்கள். அது வெறும் மூடி இல்லை, ஒரு வால்வு. மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அது தாங்கும் அழுத்தம். சாதாரணத் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1.1 மூடி இறுக்கிப் பிடித்தால் 120ஐத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்து அழுத்தம் நழுவினால் எஞ்சின் வழமையான சூட்டில் ஓடினாலும் கூலன்ட் குமிழியிடத் தொடங்கும். மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரிந்து பக்கத்திலுள்ள கூலன்ட் போத்தலுக்குப் போன கூலன்ட்டை, ஆறியதும் ரேடியேட்டருக்குத் திரும்ப இழுக்க விட வேண்டும். அந்த வால்வு கெட்டால் போத்தல் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் வெறுமையாக இருக்கும். போத்தலை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆகவே காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், கூலன்ட் கழுத்துவரை நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. துணியைப் போட்டுத் திறப்போம் என்ற யோசனையும் வேண்டாம், முகம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். புது மூடி வாங்கினால் பழைய இலக்கமே வாங்குங்கள். பெரிய இலக்கம் நல்லது என்று போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

ஒழுக்கு எங்கே என்று தேட, இரவில் முன்பக்கத்துக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் அட்டையை விரித்து வையுங்கள். ஏ.சி. ஓடியபின் சொட்டும் நிறமில்லாத தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறமுள்ள, வழுவழுப்பான சொட்டுத்தான் கூலன்ட். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ நிறமாகவோ பொருக்கு இருக்கும். வோட்டர் பம்ப் பக்கம், ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு இவற்றில் டோர்ச் அடித்துத் தேடுங்கள்.

ஹெட் கெஸ்கட்டை நான் அடியோடு மறுக்கவில்லை. ஒரு மாதமாகக் கொதிக்கும் எஞ்சினில் அது போயிருக்கவும் கூடும். ஆனால் அதை வாயால் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, நீல நிறத் திரவத்தின் ஊடாக உள்ளிருக்கும் வாயுவை இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெற்றோல் எஞ்சினில் அந்த நீலம் மஞ்சளாகும். அதோடு கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் மூடியின் இலக்கம் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே அரை மணித்தியால வேலை. இந்தக் கருவிகள் இல்லாமல் ஒன்றரை இலட்சம் கேட்பவரிடம், “டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கள், அதற்குக் காசு தருகிறேன்” என்று சொல்லுங்கள். முகம் மாறினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மற்றவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு வண்டியின் ஹெட்டைக் கழற்றி, கெஸ்கட் மாற்றி, பூட்டி, ஸ்டார்ட் பண்ணியபின்தான் விசிறி சுழலவில்லை என்று கண்டேன். அந்தக் கூலியை நான் வாங்கவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவரிடம் வருவோம். ‘எங்கள் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை’ என்பது கொழும்புக் கராஜ்களின் வேதவாக்கு. தெர்மோஸ்டாட் வெளிவெயிலைப் பார்த்து வேலை செய்வதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறக்குறைய 82 பாகை வரும்வரை மூடியிருந்து, பிறகு ரேடியேட்டருக்கு வழிவிடும். அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எரியும் நீல லைட் அணைய நேரமெடுக்கும், கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும், ஒயில் கெடும். சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடும். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும். கெட்டுவிட்டதா என்று சந்தேகமென்றால் நூலில் கட்டி, பானைத் தண்ணீரில் அடி படாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்னரே திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

சாமான் வாங்க, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் வருடத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். 2014 வேகன் ஆரில் எம்எச் 34 எஸ், எம்எச் 44 எஸ் என்று இரண்டு மாடல்கள் உண்டு. சேசிஸ் இலக்கத்தைப் படமெடுத்து, பழைய சாமானையும் கையோடு கொண்டுபோங்கள். விசிறி மோட்டர் பாவித்ததாக வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கடையிலேயே பற்றரியில் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கிறீச்சிடுகிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரேடியேட்டரைப் பாவித்ததாக நான் வாங்க மாட்டேன், மூடியும் ஹோஸும் அதைவிட மோசம்.

உங்கள் வண்டியில் சூட்டைக் காட்டும் முள் இல்லை, நீலமும் சிவப்பும்தான். சிவப்பு மினுங்கும்போது ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவலை வாசிக்க வைத்திருக்கும் ஓபிடி சொக்கெட்டில் குத்தும் சின்ன புளூடூத் கருவி வாங்கினால் போனிலேயே பாகை தெரியும். வழமையில் 90ஐச் சுற்றி நிற்கும். சிக்னலில் 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் லைட் வரக் காத்திருக்க வேண்டாம்.

வீதியில் சிவப்பு வந்துவிட்டால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் காற்றை முழு வேகத்துக்கும் வைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினின் சூடு உங்கள் பக்கம் இறங்கும். அப்படியே இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணைத்து, குறைந்தது முக்கால் மணித்தியாலம் பொறுங்கள். கொதித்த எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையும். “வீடு அரைக் கிலோமீற்றர்தானே” என்று ஓட்டிப்போனவர்களின் ஹெட்தான் எங்கள் மேசையில் வளைந்து கிடக்கும்.

யாழ்ப்பாணப் பயணம்? விசிறியைச் சரி செய்து, பிரஷர் டெஸ்ட் பார்த்து, ஒரு கிழமை காலி வீதி நெரிசலில் ஓட்டிப் பார்த்தபின் போங்கள். திருத்தாமல் புறப்பட்டால் ஏ9 வீதியில் ஒன்றும் தெரியாது, எதிர்க்காற்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். நானூறு கிலோமீற்றர் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, நல்லூருக்குப் போகும் வீதியில் சனத்துக்குள் ஊரும்போது கொதிக்கும். இப்போது உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால் அதை இறக்கி, கலந்து விற்கும் கூலன்ட்டை அப்படியே ஊற்றுங்கள், அதில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை நம்பி இரண்டு கம்பனியின் கூலன்ட்டைக் கலக்கவும் வேண்டாம், சில கூழாகிவிடும். அதே கூலன்ட்டில் ஒரு லீற்றர் போத்தல் இரண்டு டிக்கியில் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லில் ஊறிவரும் தண்ணீர் அது, கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டர் குழாயிலும் படியும். வேறு வழியே இல்லையென்றால் பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் வாங்குங்கள். அசிட் இல்லாத போத்தலா என்று லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.