640 கேபி போதாதபோது: வாசகர் கேள்வி – பதில்

பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய ஆப்பரேட்டிங் சிஸ்டம்) கணினி, விண்டோஸ் 3.1, டர்போ சி (சி மொழி கம்பைலர்) பற்றிய கேள்விகள் இந்த முறை அதிகம். பழைய வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஹார்டு டிஸ்க்கில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, அதை மெமரியாக்க முடியாதா? முடியும். எந்த புரோகிராமுக்கு, எந்த வழியில் என்பதில்தான் சிக்கல்.

கேள்வி: எங்கள் தோல் மண்டியின் பழைய கணக்குகள் ஒரு டாஸ் சாஃப்ட்வேரில் இருக்கின்றன. 386 மெஷின், 4 எம்பி ரேம், டிஸ்க்கில் 100 எம்பிக்கு மேல் காலி. ஆனாலும் வருடக் கணக்கை எடுக்கும்போது மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது. ஏன்?
— வாசகர், ராணிப்பேட்டை

டாஸ் புரோகிராம் 4 எம்பியையும் பார்க்காது, டிஸ்க்கையும் பார்க்காது. அது 8086 சிப்புக்காக எழுதப்பட்டது. 20 பிட் முகவரி, அதாவது மொத்தமே 1 எம்பி. அதில் மேல் 384 கேபி வீடியோவுக்கும் ரோமுக்கும் போய்விடும் (ரோம் என்றால் பயாஸ், அதாவது கணினியைக் கிளப்பும் புரோகிராம், இருக்கும் நிலை நினைவகம்; ரேம் அல்ல). மிச்சம் 640 கேபி. அதிலும் டாஸ், மவுஸ் டிரைவர், பிரிண்டர் டிரைவர் எல்லாம் உட்கார்ந்த பிறகு கிடைப்பதுதான் உங்கள் சாஃப்ட்வேருக்கு.

முதலில் டாஸில் ‘மெம் /சி’ அடித்து, 640-இல் யார் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டாஸ் 5 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் டாஸ் கிளம்பும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ஹைமெம், அடுத்து இஎம்எம்386 (வரியின் முடிவில் ‘நோஇஎம்எஸ்’), அடுத்து ‘டாஸ்=ஹை,யுஎம்பி’ என்ற வரிசையில் மூன்று வரி சேருங்கள். மவுஸ் போன்றவற்றை ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் ‘லோட்ஹை’ போட்டு 640-க்கு மேலே தள்ளுங்கள். பல மெஷின்களில் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

அப்போதும் போதவில்லை என்றால் சாஃப்ட்வேரின் கையேட்டில் இஎம்எஸ் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 1985-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. 64 கேபி ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் கூடுதல் மெமரியின் 16 கேபி துண்டுகள் (பேஜ்கள்) நான்கை மாற்றி மாற்றிக் காட்டும். உங்களிடம் 386 இருப்பதால் இஎம்எம்386 வரியில் ‘நோஇஎம்எஸ்’ என்று போடாமல் ‘ரேம்’ என்று போட்டாலே, மேலே உள்ள 3 எம்பியிலிருந்து இஎம்எஸ் கிடைக்கும்.

டிஸ்க்கையே இஎம்எஸ் போலக் காட்டும் டிரைவர்களும் அந்தக் காலத்தில் இருந்தன. யாராவது ஒரு ஃபிளாப்பியைக் கொண்டுவந்து நீட்டினால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போடுங்கள். அந்த 64 கேபி ஜன்னலை அவை பெரும்பாலும் 640-க்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். இருக்கிற இடம் இன்னும் குறையும். இன்னொன்று, நிஜ இஎம்எஸ்ஸில் ஒரே பேஜை ஜன்னலின் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் திறக்கலாம். டிஸ்க் டிரைவரில் இரண்டும் தனித்தனி நகல்கள். ஒன்றில் எழுதியது மற்றதில் தெரியாது. கணக்கு சாஃப்ட்வேரில் இது நடந்தால் மெஷின் நிற்காது, சத்தமில்லாமல் தொகை தப்பாகும். அதைவிட நின்றுபோவதே மேல். எதைச் செய்வதற்கு முன்பும் டேட்டா ஃபைல்களைக் காப்பி எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓவர்லே, விர்ச்சுவல் மெமரி இரண்டும் ஒன்றா?
— வாசகர், குடியாத்தம்

நோக்கம் ஒன்று, மெமரியில் அடங்காததை டிஸ்க்கில் வைத்து வேண்டியபோது வரவழைப்பது; பொறுப்பு வேறு. ஓவர்லேயில் எந்தத் துண்டு எப்போது டிஸ்க்கிலிருந்து வரவேண்டும் என்பதை புரோகிராம் எழுதுபவர் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கிறார். விர்ச்சுவல் மெமரியில் சிப்பும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. புரோகிராமுக்கே தெரியாது. வேர்ட்ஸ்டார் வைத்திருந்தவர்களுக்கு .ஓவிஆர் என்று முடியும் ஃபைல்கள் நினைவிருக்கும். அவை ஓவர்லேதான். அந்த ஃபிளாப்பியை டிரைவிலிருந்து உருவிவிட்டால் பாதி கட்டளை வேலை செய்யாது.

டர்போ பாஸ்கல் 5.0-இல் (1988) ஓவர்லே செய்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓவர்லே ஆக்கிய யூனிட்டில் தொடக்கப் பகுதி, அதாவது இனிஷியலைசேஷன், இருந்தால் அது மெயின் புரோகிராமுக்கு முன்பே ஓடும். ஓவர்லே மேனேஜரைக் கிளப்பும் ஓவிஆர்இனிட்டை நீங்கள் மெயினில் அழைத்திருப்பீர்கள். அதற்குள் ரன்டைம் எரர் 208 வந்துவிடும். ஓவர்லே மேனேஜர் இன்னும் கிளம்பவில்லை என்பது அதன் பொருள். ஓவிஆர்இனிட் அழைப்பை மட்டும் வைத்து ஒரு சின்ன யூனிட் எழுதி, யூசஸ் வரிசையில் மற்ற ஓவர்லே யூனிட்டுகளுக்கு முன்னால் போடுங்கள். தீர்ந்தது. ஓவர்லே ஆவது கோடு மட்டும். குளோபல் வேரியபிள்கள் அதே 64 கேபிக்குள்தான் இருக்கும். அதனால் பெரிய அரே வைத்திருப்பவருக்கு ஓவர்லே உதவாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: டர்போ சி-யில் 1000 × 1000 டபுள் மேட்ரிக்ஸ் வைத்து ஒரு புராஜெக்ட். டிஸ்க் ஃபைலையே மெமரியாக வைத்து நானே எழுத விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
— கல்லூரி மாணவர், காட்பாடி

நல்ல புராஜெக்ட். ஒரு டபுள் 8 பைட். மொத்தம் 80 லட்சம் பைட். 640 கேபியில் அடங்காது. பேஜ் அளவு 4096 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேஜில் 512 எண்கள். ரேமில் 64 பேஜுக்கு இடம் ஒதுக்குங்கள், 256 கேபி ஆகும். ஒரே துண்டாகக் கேட்காதீர்கள், 64 கேபி செக்மென்ட்டைத் தாண்டினால் பாயிண்டர் சுற்றிவிடும். ஒவ்வொன்றையும் தனியாக ஃபார்மாலாக் செய்து, லார்ஜ் மாடலில் கம்பைல் செய்யுங்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு விவரம் தேவை: எந்த பேஜ் உள்ளே இருக்கிறது, கடைசியாக எப்போது தொட்டோம், எழுதப்பட்டதா, பூட்டப்பட்டதா. இதைத் தவிர பேஜ் டேபிள் ஒன்று: பேஜ் எண்ணைக் கொடுத்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும், இல்லை என்றால் 255. ஒரு பேஜுக்கு ஒரு பைட் போதும். கேட்ட பேஜ் ரேமில் இல்லையென்றால், தொட்டு ரொம்ப நேரமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுதியிருந்தால் மட்டும் ஃபைலுக்குத் திருப்பி அனுப்புங்கள். பிறகு புதிய பேஜைப் படியுங்கள். 64 இடத்தையும் வரிசையாகத் தேடினால் மெதுவாகுமே என்று கவலை வேண்டாம். ஒரு டிஸ்க் ரீட் 20 மில்லிசெகண்ட் என்றால் அந்தத் தேடல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது முக்கியமான இடம். மேட்ரிக்ஸை வழக்கம்போல வரிசை வரிசையாக ஃபைலில் வைத்தால், ரோ ரோவாக நடக்கும்போது 1954 ரீட், ஏறக்குறைய 39 செகண்ட். அதே மேட்ரிக்ஸைக் காலம் காலமாக (காலம் என்றால் இங்கே நெடுவரிசை) நடந்து பாருங்கள். ஒரு ரோ 8000 பைட், ஒரு பேஜைவிடப் பெரியது. ஆகவே ஒரு காலத்தின் 1000 எண்களும் 1000 வெவ்வேறு பேஜில் இருக்கும். இடமோ 64. அடுத்த காலத்துக்கு வரும்போது பழைய பேஜ்கள் எல்லாம் வெளியே போயிருக்கும். 10 லட்சம் ரீட், 20,000 செகண்ட், ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். கோடில் தப்பு ஒன்றும் இல்லை, விடையும் சரியாக வரும், ஆனால் முடியாது.

வழி: பேஜைச் செவ்வகக் கட்டம் போல வெட்டுங்கள். 16 ரோ, 32 காலம் சேர்ந்தது ஒரு பேஜ். அதே 512 எண்கள். பேஜ் எண்ணுக்கு, ரோ எண் ஐ-யை 16-ஆல் வகுத்த ஈவை 32-ஆல் பெருக்கி, காலத்தின் எண் ஜே-யை 32-ஆல் வகுத்த ஈவைக் கூட்டுங்கள். பேஜுக்குள் இடத்துக்கு, முதல் வகுத்தலின் மீதியை 32-ஆல் பெருக்கி இரண்டாவது மீதியைக் கூட்டுங்கள். நீளவாட்டில் 63 கட்டம், அகலவாட்டில் 32 கட்டம், மொத்தம் 2016 பேஜ். ஒரு காலத்தைக் கடக்க 63 பேஜ் போதும், உங்களிடம் 64 இருக்கிறது. உள்ளே வந்த 63-ம் அடுத்த 31 காலத்துக்கும் அப்படியே பயன்படும். ரோவாக நடந்தாலும் காலமாக நடந்தாலும் 2016 ரீட், 40 செகண்ட்.

எல்லை எங்கே என்பதையும் பார்த்துவிடுங்கள். மேட்ரிக்ஸ் 1024 ரோ வரை பிரச்சினை இல்லை. 1025 ஆனால் 65 கட்டம். பழசை முதலில் வெளியேற்றும் முறையில், அடுத்து வேண்டிய பேஜ்தான் ஒவ்வொரு முறையும் சற்று முன் வெளியே போயிருக்கும். 1000 காலத்துக்கு 65,000 ரீட். 21 நிமிடத்துக்கு மேல். ஒரு ரோ கூடியதற்கு இந்த விலை.

தப்பு நடக்கும் இடங்கள்: ஃபைலை பைனரி மோடில் திறக்காவிட்டால் 10 என்ற பைட் எழுதும்போது கூடவே 13-ம் சேர்ந்துகொள்ளும், எல்லாம் தள்ளிப்போகும். பேஜ் எண்ணை 4096-ஆல் பெருக்கும்போது லாங் ஆக்குங்கள். இன்ட்டில் 8-வது பேஜிலேயே 32,768 வந்து நெகட்டிவ் ஆகிவிடும். ஏ[ஐ][ஜே]-யுடன் ஏ[ஜே][ஐ]-யைக் கூட்டும் வரியில் இரண்டு பாயிண்டர்களையும் வாங்கி வைத்துக்கொண்டால், இரண்டாவதற்காக முதலாவது பேஜ் வெளியேறக்கூடும். பூட்டு எதற்கு என்பது அப்போது புரியும். ஃபைலைத் தொடக்கத்திலேயே முழு நீளத்துக்கும் எழுதிவிடுங்கள், டிஸ்க் போதாது என்றால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கல்லூரி லேபில் டாஸ்பாக்ஸில் ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நேரத்தை அளக்காதீர்கள். உங்கள் 8 எம்பி ஃபைல் முழுவதும் இன்றைய மெஷினின் ரேமிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், எல்லாம் வேகமாகத் தெரியும். எத்தனை முறை பேஜ் இல்லாமல் போனது என்று ஒரு கவுண்டர் வைத்து எண்ணுங்கள். அறிக்கையில் அதுதான் நிற்கும்.

கேள்வி: 4 எம்பி ரேம் உள்ள 386-இல் விண்டோஸ் 3.1. ஸ்வாப் ஃபைல் டெம்பரரியா, பர்மனென்டா? டிஸ்க் விடாமல் கரகரவென்று ஓடுகிறது.
— வாசகர், ஆம்பூர்

பர்மனென்ட். ஸ்வாப் ஃபைல் என்பது ரேமில் இடமில்லாத பேஜ்களை விண்டோஸ் இறக்கிவைக்கும் டிஸ்க் ஃபைல். டெம்பரரி என்றால் விண்டோஸ் டைரக்டரியில் வின்386 என்ற ஃபைலாக டாஸ் வழியாக வளரும், சுருங்கும். பர்மனென்ட் என்பது டிஸ்க்கில் ஒரே தொடராக ஒதுக்கிய இடம். விண்டோஸ் டாஸைக் கேட்காமல் நேராகப் படிக்கும். தொடராக இடம் வேண்டும் என்பதால் முதலில் விண்டோஸை விட்டு வெளியே வந்து, செக்டிஸ்க் /எஃப் ஓட்டி, பிறகு டீஃபிராக் செய்யுங்கள். அப்புறம் கன்ட்ரோல் பேனல், 386 என்ஹான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். ஸ்டாக்கர், டபுள்ஸ்பேஸ் போட்டுச் சுருக்கிய டிரைவில் பர்மனென்ட் வைக்க முடியாது. சுருக்காத டிரைவைக் காட்டுங்கள்.

அளவை 30, 40 எம்பி என்று அள்ளிக் கொடுப்பதில் பயனில்லை. சாதாரண அமைப்பில் ரேமைப்போல நான்கு மடங்கு முகவரிதான் விண்டோஸ் கொடுக்கும். உங்களுக்கு 16 எம்பி. அதற்கு மேல் ஒதுக்கியது சும்மா கிடக்கும். ரூட்டில் ஒளிந்திருக்கும் 386ஸ்பார்ட் ஃபைலை டாஸிலிருந்து அழிக்காதீர்கள், அடுத்த முறை ஸ்வாப் ஃபைல் கெட்டுவிட்டது என்று புலம்பும். வேண்டாம் என்றால் அதே சேஞ்ச் திரையில் ‘நன்’ என்று மாற்றுங்கள். மாறாக, கரன்ட் போய் மெஷின் அணைந்தபின் மிச்சமாகக் கிடக்கும் வின்386 ஃபைலை டாஸிலிருந்து தாராளமாக அழிக்கலாம்.

கரகரப்புக்கு இது மட்டும் மருந்தல்ல. திறந்திருக்கும் புரோகிராம்கள் அடிக்கடி தொடும் பேஜ்கள் ரேமைவிட அதிகமானால் எந்த ஸ்வாப் ஃபைலும் காப்பாற்றாது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம் வேண்டும் என்றால் ரேம் சேருங்கள். 30 பின் சிம் என்றால் 386 டிஎக்ஸ் போர்டில் நான்கு நான்காக, எஸ்எக்ஸ் போர்டில் இரண்டிரண்டாகப் போட வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிப்போய்ச் சொருகினால் மெஷின் அதைக் கணக்கில் எடுக்காது.

கேள்வி: ரேம் டிரைவ் உண்டாக்கி அதில் ஸ்வாப் ஃபைலை வைத்தால் வேகமாகுமா?
— வாசகர், ஆற்காடு

வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டுப் பணம் கூடியதா என்று எண்ணுவது போல. ரேமைக் குறைத்துவிட்டு, குறைந்ததற்காக அதிலேயே ஸ்வாப் செய்வீர்கள். ஆனால் டாஸில் ஓவர்லே ஃபைலை ரேம் டிரைவில் வைப்பது அர்த்தமுள்ள வேலை. டாஸ் புரோகிராம் 1 எம்பிக்கு மேலுள்ள ரேமை நேராகத் தொடாது. ரேம் டிரைவ் வழியாகத் தொடும். ரேம்டிரைவ் வரியில் ‘/இ’ போட மறந்தால் அது 640-இலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: இந்த யோசனை முதலில் யாருடையது? 386-இல்தான் வந்ததா?
— வாசகர், திருப்பத்தூர்

இல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி, 1962. 512 சொல் கொண்ட பேஜ்கள். டிஸ்க்குக்குப் பதில் சுழலும் டிரம். பர்சனல் கணினிப் பக்கம் 286 சிப் செக்மென்ட் முழுவதையும் வெளியே அனுப்பி வரவழைக்கும் வசதியோடு வந்தது. ஆனால் செக்மென்ட் 64 கேபி வரை இருக்கலாம், அளவும் ஒன்றுபோல் இராது. டிஸ்க்கில் அடுக்குவது தலைவலி. 1985-இல் வந்த 386-இல்தான் 4 கேபி என்று ஒரே அளவான பேஜ். இல்லாத பேஜைத் தொட்டால் சிப் 14-ஆம் எண் எக்ஸப்ஷனை எழுப்பி, எந்த முகவரி என்பதை சிஆர்2 ரிஜிஸ்டரில் வைத்துவிடும். காட்பாடி மாணவர் கையால் எழுதப்போகிற ‘எழுதப்பட்டதா’, ‘தொடப்பட்டதா’ இரண்டுக்கும் பேஜ் டேபிளில் ஒவ்வொரு பிட் உண்டு. மேக்கின்டாஷில் சிஸ்டம் 7 (1991) இதைக் கொடுத்தது, 68030 சிப் உள்ளவற்றுக்கும், பேஜ்களைக் கவனிக்கும் தனி பிஎம்எம்யூ சிப் சேர்த்த 68020 மெஷின்களுக்கும்.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்க் போய்விட்டது. காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஐடிஇ அடாப்டரில் போட்டு ஸ்வாப் செய்யலாமா?
— வாசகர், வேலூர்

செய்யலாம், வித்தியாசம் காதிலேயே தெரியும். தலை நகரவேண்டியதில்லை, வட்டு சுற்றிவரக் காத்திருக்கவேண்டியதில்லை. சிதறிய பேஜ்களைப் படிப்பதில் பழைய டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம். எழுதுவதில்தான் கவனம். கார்டு உள்ளே பெரிய பிளாக்காக அழித்து எழுதும். 4 கேபி பேஜ் ஒன்றை மாற்ற அதைப்போலப் பல மடங்கு எழுத நேரலாம், கார்டும் தேயும். ஆகவே ஸ்வாப் ஃபைல் உள்ள கார்டில் கணக்கு ஃபைல்களை வைக்காதீர்கள். பழைய பயாஸ் பல 504 எம்பிக்கு மேல் பார்க்காது. 512 எம்பி கார்டு போதும். அடாப்டரில் மாஸ்டர் ஜம்பரைச் சரிபார்த்துவிட்டு, பயாஸில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கொடுத்து, எஃப்டிஸ்க் செய்து, பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, ஃபார்மட் /எஸ் கொடுங்கள். கார்டு முன்பு கேமராவில் இருந்ததாக இருந்து பூட் ஆகாமல் நின்றால் எஃப்டிஸ்க் /எம்பிஆர் ஒருமுறை. விண்டோஸ் 3.1-இல் 32 பிட் டிஸ்க் ஆக்ஸஸை (பயாஸை விட்டுவிட்டு விண்டோஸே டிஸ்க்கை இயக்கும் வசதி) இயக்கியதும் தொங்கிவிட்டால், ‘வின் /டி:எஃப்’ என்று கிளப்பி உள்ளே போய் அதை அணைத்துவிடுங்கள். அது இல்லாமலே ஓட்டிக்கொள்ளலாம்.