மாமியாரின் கைவலியும் மகனின் மோலே ஆசையும்

கேள்வி: என் கணவர் மெக்சிகோவின் புவெப்லா நகரைச் சேர்ந்தவர். நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். நான்கு வருடம் கழித்து அடுத்த மாதம் ஊருக்குப் போகிறோம். அம்மா கையால் மோலே (காய்ந்த மிளகாயும் கொட்டைகளும் அரைத்துச் செய்கிற கெட்டிக் குழம்பு) சாப்பிட வேண்டும் என்று இவர் இப்போதே நாள் எண்ணுகிறார். மாமியாருக்கு 74 வயது, விரல் மூட்டுகளில் வலி. இருந்தும், நாங்கள் வந்து இறங்கும் அன்றே செய்து வைப்பதாகச் சொல்கிறார். போன முறை சாப்பிட்டுவிட்டு, "முன்பு மாதிரி இல்லை" என்று இவர் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. இந்த முறை எல்லோரும் நல்ல உணவகத்துக்குப் போகலாம் என்று நான் சொல்லலாமா?
- ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

சொல்லாதீர்கள். புவெப்லாவில் மோலே என்பது கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அடுப்பில் ஏறுகிற பண்டம். மகன் வரும் நாளில் அதைச் செய்ய வேண்டும் என்று ஒரு தாய் நினைத்தால், அந்த வீட்டுக்கு அன்று விசேஷம். உணவகத்துக்குப் போகலாம் என்று நீங்கள் அக்கறையோடு சொன்னாலும், 'இனி உங்களால் முடியாது' என்றுதான் அவர் காதில் விழும். அவருடைய வேலையைக் குறையுங்கள். சமையல் அவருடையதாகவே இருக்கட்டும்.

அந்த வேலை எவ்வளவு என்று பாருங்கள். ஆஞ்சோ, முலாதோ, பாசியா என்று மூன்று வகைக் காய்ந்த மிளகாய்களைக் காம்பு கிள்ளி, விதை உதறி, கொழுப்பில் ஒரு புரட்டு புரட்டி எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கருகிவிடும். அந்தக் கசப்பு சட்டி முழுவதும் ஏறிவிடும். பாதாம், எள், நிலக்கடலை, உலர்திராட்சை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சோள ரொட்டியும் பொரிய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். அந்தக் காலத்தில் மெத்தாத்தே என்கிற சரிவான கல்லின் முன் மண்டியிட்டு அரைத்தார்கள். நம் அம்மியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. விரல் மூட்டு வலிக்கிற ஒருவர் இவ்வளவையும் ஒரே நாளில் செய்யக்கூடாது.

இதற்கு அந்த ஊரிலேயே வழி இருக்கிறது. வறுத்த சாமான்களை அரவை மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவது அங்கே சகஜம். நம் வீடுகளில் மிளகாய்த்தூளுக்கு மில்லுக்குப் போகிற மாதிரிதான். பக்குவமும் அளவும் மாமியாருடையவை, தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை உங்கள் கணவருடையது. மிளகாய் கிள்ளுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வறுக்கும்போது மட்டும் மாமியாரே அடுப்பருகில் நிற்கட்டும். எந்த நொடியில் எடுக்க வேண்டும் என்பது அவர் மூக்குக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்று அதைக் கற்றுக்கொள்ளுங்கள், எழுதியும் வையுங்கள்.

அரைத்த விழுதை மண்சட்டியில் கொழுப்பு விட்டு வதக்கி, கோழி வேகவைத்த சாற்றை ஊற்றி, கடைசியில் கொஞ்சம் சாக்லேட் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கும்வரை கரண்டியை விடக்கூடாது. கைவலிக்கு எதிரி இந்தக் கிளறல்தான். இதை மகனிடம் கொடுங்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று சொல்ல, அவர் வியர்த்து விறுவிறுக்கக் கிளறட்டும். இந்த முறை அவர் ஊருக்குப் போவதன் மிக நல்ல மணிநேரம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வந்து இறங்கும் அன்றே மோலே வேண்டாம். சிங்கப்பூருக்கும் புவெப்லாவுக்கும் 14 மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் இரண்டு மணிக்கு இலை போட்டால், உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை நான்கு மணி. நகரமும் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில், தூக்கமில்லாத வயிற்றோடு இவ்வளவு கனமான சாப்பாட்டை உட்கார்ந்து ரசிக்க முடியாது. போன முறை உங்கள் கணவருக்கு ருசி பிடிபடாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். முதல் இரண்டு நாள் சூப்பும் சோறுமாக லேசாகச் சாப்பிடுங்கள். மூன்றாம் நாள் சமைத்து, நான்காம் நாள் மதியம் சாப்பிடுங்கள். மீன் குழம்பைப் போல மோலேயும் ஒரு இரவு ஊறினால் ருசி கூடும். இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள்; பெரிய சாப்பாடு அங்கே மதியம்தான்.

கணவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வயதானால் நாக்கும் மூக்கும் கொஞ்சம் மந்தமாகும், உப்பும் காரமும் முன்பின் ஆகும். அதை அவருடைய அம்மாவும் அறிவார். அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் அவரை அப்படிச் சுட்டது. இந்த முறை பழைய ருசியைப் பற்றிய பேச்சே எழக்கூடாது. உப்பு குறைந்திருந்தால், கிளறும்போதே "அம்மா, ஒரு சிட்டிகை போடட்டுமா?" என்று கேட்டால் போதும். சாப்பாட்டு மேஜையில் இன்னொரு சோள ரொட்டி கேட்கட்டும். தட்டில் மிஞ்சிய சாற்றை அதால் துடைத்துச் சாப்பிடட்டும்.

சாப்பிட்டு முடித்ததும், நம் வீட்டுப் பழக்கத்தில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அங்கே அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பமாகும். சொப்ரேமேசா என்று அதற்குப் பெயரே உண்டு. காபி வரும், பழைய கதைகள் வரும். மாமியார் எழுந்திருக்கும்வரை நீங்களும் உட்கார்ந்திருங்கள்.