விலங்கிலிருந்து பரவும் அடுத்த பெருந்தொற்றுக்கு இப்போதே தயாராக முடியுமா?

ஓரளவு முடியும். எந்த வைரஸ் எப்போது தாவும் என்று சொல்ல முடியாது, ஆனால் தாவும் வழியை அடைக்கலாம். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நிபா வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1998-99-ல் மலேசியாவில் அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து பண்ணையாட்களுக்கும் வந்தது. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்! நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

வங்கதேசத்தில் கதை வேறு. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி, இரவெல்லாம் பானை கட்டி வைப்பார்கள். வௌவால் வந்து சாற்றை நக்கும், சமயத்தில் பானையிலேயே சிறுநீரும் கழிக்கும். விடிந்ததும் அதைப் பச்சையாகக் குடித்தால் ஆபத்து. சீவிய இடத்தையும் பானை வாயையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அண்டுவதில்லை. என்னைக் கேட்டால், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் ஆய்வகத்துக்கு இந்தத் தட்டி சளைத்ததல்ல.

சரி, தாவிவிட்டால்? அப்போது வேகம்தான் முக்கியம். 2018-ல் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்ததும் மருத்துவர்கள் சந்தேகப்பட்டு, மாதிரியை மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அப்படியும் 17 பேர் இறந்தார்கள். 2019-ல் எர்ணாகுளத்தில் ஒருவரோடு நின்றது, அவரும் பிழைத்துக்கொண்டார்.