ஒரே ஆண்டில் இரட்டிப்பான பிறப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ருமேனியாவின் 1966ஆம் ஆண்டுக் கருக்கலைப்புத் தடை ஆணையைப் பேரழிவு என்று முந்தைய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எண்களைத் தேடிப் பார்த்தேன். 1966இல் பிறந்தவை 2,73,678 குழந்தைகள்; 1967இல் 5,27,764. அறத்தின்படி தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள்தொகையைப் பெருக்கும் கொள்கை என்ற அளவில் அது வெற்றிதானே? இன்னொரு ஐயம்: அக்டோபரில் வந்த ஆணையின் விளைவு ஜூலையில்தானே தெரிய வேண்டும்? அதற்கு முன்பே பிறப்புகள் ஏறத் தொடங்கியது எப்படி?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து நாற்பது வாரமாகக் கணக்கிடுகிறோம். சினைமுட்டை கருவுறுவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். நாள் தள்ளிப்போனதை ஒரு பெண் கவனிக்கும்போது கணக்கின்படி நான்காவது, ஐந்தாவது வாரம் ஆகியிருக்கும். ருமேனியாவில் 1957 முதல் பன்னிரண்டு வாரம் வரை, கேட்ட பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் அரிதாக இருந்த நாட்டில் பெண்கள் அதையே நம்பியிருந்தார்கள். 1965இல் பிறந்த ஒரு குழந்தைக்கு நான்கு கருக்கலைப்புகள் என்ற விகிதம் இருந்தது. இந்த நிலையில், 770 என்ற எண்ணிட்ட ஆணை 1966 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்தது. அன்று பன்னிரண்டு வாரக் கர்ப்பத்துடன் மருத்துவமனைக்குப் போக நினைத்திருந்த பெண்ணுக்கு மீதம் இருபத்தெட்டு வாரம். காலண்டரில் எண்ணினால் அவளுடைய பேறுகாலம் 1967 ஏப்ரல் நடுவில் வருகிறது. ஆறு வாரமாகியிருந்தவளுக்கு மே இறுதி. ஜூலைக்கு முன்பே பிறப்புகள் ஏறியதன் காரணம் இதுதான். ஆணை வெளியான நாளிலேயே வயிற்றில் இருந்த கருக்கள் அவை. அரசின் பேச்சைக் கேட்டுக் குழந்தை வேண்டுமென்று முடிவெடுத்து யாரும் சுமந்தவை அல்ல.

ஆக, 1967இன் எண் காட்டுவது மக்களின் விருப்பம் மாறியதை அல்ல, வழி அடைபட்டதை. விருப்பம் மாறாதபோது பெண்கள் வேறு வழி தேடுவார்கள், தேடினார்கள். மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1966இல் 1.9 ஆக இருந்து 1967இல் 3.7ஐத் தொட்டது, அடுத்த ஆண்டிலிருந்தே இறங்கத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்ற கணக்கில் பார்த்தால், 1966இல் 14ஐ ஒட்டியிருந்த விகிதம் 1967இல் 27ஐத் தாண்டி, 1983இல் மறுபடியும் 14க்கே வந்துவிட்டது. மொத்த எண்ணிக்கை மட்டும் அந்த ஆண்டுகளில் 1966ஐவிடக் கூடுதலாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் வெற்றி என்று சொல்லும் இரட்டிப்பு ஒரே ஆண்டின் அதிர்ச்சி. 1992ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் வயதுப் பிரமிடை, அதாவது ஒவ்வொரு வயதினரின் எண்ணிக்கையையும் ஒரு பட்டையாக அடுக்கிய படத்தை, எடுத்துப் பாருங்கள்: 25 வயதுக்கான பட்டை ஒடுங்கியிருக்கும்; அதற்கு நேர் கீழே 24 வயதுக்கான பட்டை இருபுறமும் கம்பு நீட்டியதுபோல் வெளியே துருத்தி நிற்கும். அந்தத் தலைமுறைக்கு ருமேனியர் வைத்த பெயர் ‘டெக்ரெட்ஸேய்’, அதாவது ஆணைப் பிள்ளைகள்.

அவர்கள் பிறந்தபோது பிரசவ வார்டுகளும் செவிலியரும் இரட்டிப்பாகவில்லை. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 1966இல் 46 பேர் என்றிருந்தது, 1968இல் 59 ஆனது.

நீங்கள் பார்த்த அட்டவணையில் இல்லாத ஒரு பத்தி உண்டு. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் நான்கு பிள்ளை பெற்றவர்களுக்கும் மட்டுமே பெரும்பாலும் விலக்குக் கிடைத்தது. குழந்தையில்லாதவர்கள் இருபத்தைந்து வயதுக்குமேல் வரி கட்டினார்கள். எண்பதுகளில் தொழிற்சாலைப் பெண்களைப் பணியிடத்திலேயே கர்ப்பப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். ரகசியக் கருக்கலைப்பால் ரத்தப்போக்குடன் வந்த பெண்ணை, செய்தவர் யாரென்று சொல்லும்வரை சிகிச்சையின்றிக் காக்க வைத்தது பற்றிப் பல சாட்சியங்கள் உள்ளன. ஆணை நடப்பில் இருந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் ரகசியக் கருக்கலைப்பால் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பெண்கள். எழுதும்போது இந்த எண்ணைத் தாண்டிச் செல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் நேரமாகிறது.

மகப்பேறு மரண விகிதத்தைப் படிக்கும்போது வகுஎண்ணையும் கவனியுங்கள். அந்த விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இத்தனை தாய்மார் மரணம் என்ற கணக்கு; பிறப்புகளின் எண்ணிக்கைதான் வகுஎண். பிறப்புகள் திடீரென்று இரட்டித்தால், மரணங்கள் கூடியிருந்தாலும் விகிதம் அதை மறைத்துவிடும். 1989இல் ருமேனியாவின் விகிதம் 170ஐ ஒட்டியிருந்தது. ஐரோப்பாவிலேயே அதுதான் மிக அதிகம். ஆணையைக் கொண்டுவந்த கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌஷெஸ்கு அந்த ஆண்டு வீழ்ந்து, டிசம்பர் 26 அன்று ஆணை நீக்கப்பட்டது. மறு ஆண்டு பிறப்புகள் 3,69,544இலிருந்து 3,14,746ஆகக் குறைந்தன. வகுஎண் சுருங்கினால் விகிதம் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மரணங்கள் அதைவிடவும் வேகமாகக் குறைந்திருந்தால்தான் இது நடக்கும். புதிய மருந்தோ புதிய மருத்துவமனையோ வந்து விளைந்த மாற்றம் அல்ல இது. ஓர் ஆணை விலக்கப்பட்டது, அவ்வளவுதான்.

அன்புடன்,
ஆசிரியர்