ஈன்ற ஆட்டைக் கறந்து குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பது பாவமா?

வீட்டிலுள்ள தலைச்சேரி ஆடு இன்னும் பத்து நாளில் ஈன இருப்பதாகவும், சென்ற ஈத்தில் பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்று மறுநாளே இறந்துவிட்டதாகவும், இந்த முறை பாலைக் கறந்து புட்டியில் கொடுக்கலாம் என்றால் "குட்டி வாய் வைக்கும் மடியில் கை வைப்பது பாவம்" என்று பெரியவர்கள் தடுப்பதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இதே பேச்சை என் வீட்டிலும் கேட்டவள் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கால்நடை மருத்துவர் அல்ல. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை செல்லும் வழியில், தென்னந்தோப்புக்குள் பரண் அமைத்து ஆடு வளர்ப்பவள். எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கான பதில் இதுதான்: மூன்று குட்டி ஈன்ற ஆட்டைக் கட்டாயம் கறக்க வேண்டும். கறக்காமல் விட்டால் மூன்றாவது குட்டிதான் அதற்கு விலை கொடுக்கும்.

வெள்ளாட்டுக்குக் காம்பு இரண்டுதான். தலைச்சேரி ஆடு இரண்டு குட்டி போடுவது வழக்கம், மூன்று போடுவதும் அரிதல்ல. மூன்று பிறந்தால், முதலில் எழுந்து நிற்கும் இரண்டும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும்; மூன்றாவது முட்டித் தள்ளப்பட்டு, சுவரோரம் போய்ப் படுத்துவிடும். நன்றாகப் பால் சுரக்கும் ஆடுகளுக்குக் காம்பும் பருத்திருப்பதால், சிறிய குட்டியின் வாய்க்குள் அது அடங்குவதும் இல்லை. உங்கள் குட்டி பிறந்த மறுநாளே போயிற்று என்கிறீர்கள். மற்ற இரண்டும் துள்ளி விளையாடும்போது ஒன்று மட்டும் அவ்வளவு விரைவில் இறந்தது என்றால், அது பசியாலும் குளிராலும் இறந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. பிறவியிலேயே சத்தில்லாத குட்டி என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அந்த ஆறுதலை நான் ஏற்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரவெல்லாம் ஈரக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பால் நிறையக் கொடுக்கும் ஓர் ஆடு நள்ளிரவில் ஈன்றது. முதலில் வந்த இரண்டு கிடாக்குட்டிகளும் சற்று நேரத்திலேயே காலூன்றி நின்றுவிட்டன. மூன்றாவதாக வந்த பெட்டைக்குட்டி ஒன்றரைக் கிலோ இருந்தால் அதிகம். சாக்கின் மேல் தலையைத் தூக்காமல் கிடந்தது. நான் மடியைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நஞ்சு விழறதுக்கு முன்னால காம்புல வாய வெக்க உடாத அம்மிணி. நஞ்சு உள்ளயே தங்கிப் போயிரும்."

நஞ்சு என்று அவர் சொன்னது நஞ்சுக்கொடியை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தான் செய்தார். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பலர் இன்றும் அப்படியே காத்திருக்கிறார்கள். ஆனால் உண்மை இதற்கு நேர்மாறானது. குட்டி காம்பை முட்டிச் சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற சுரப்புநீர் ஊறுகிறது. பாலை மடியிலிருந்து இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருங்கச் செய்து நஞ்சுக்கொடியை வெளியே தள்ள உதவுவதும் அதுதான். ஆகவே நஞ்சு விழட்டும் என்று குட்டியைத் தடுப்பது, நஞ்சு விழுவதையே தாமதப்படுத்துவதாகும். அதற்குள் குட்டிக்கு மிக அவசியமான முதல் சில மணி நேரமும் கைவிட்டுப் போகிறது. இதை அத்தையிடம் அந்த இரவில் பொறுமையாகவே சொன்னேன். அவர் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. இருந்தாலும் கையை விட்டுவிட்டார்.

அந்தக் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சில்லென்று இருந்தன. விரலைச் சப்பவும் இல்லை. வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 98 டிகிரிக்கும் கீழே காட்டியது. நல்ல நிலையில் உள்ள குட்டிக்கு 102 பாரன்ஹீட்டை ஒட்டி இருக்க வேண்டும். இப்படிக் குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு அவசரப்பட்டுப் பாலைப் புகட்டுவது பெரிய ஆபத்து, ஏனென்றால் விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயிற்றுக்குள் போனாலும் குளிர்ந்த உடலில் அது செரிக்காது. ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். உலர்ந்த துணியால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்த்து ஈரத்தை எடுத்தேன். அட்டைப்பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்து, அதில் குட்டியைப் படுக்கவைத்தேன். தொப்புள்கொடியின் நுனியை டிங்சர் அயோடினில் முக்கியதும் அப்போதுதான்.

பெட்டி சூடேறும் நேரத்தில் ஆட்டைக் கறந்தேன். ஈன்ற ஆட்டின் காம்பு நுனியில் மெழுகு போன்ற ஓர் அடைப்பு இருக்கும். முதல் பீச்சு சற்றுக் கடினமாக இருந்து, அந்த அடைப்பு வெளியே வந்த பின்புதான் பால் தாராளமாக இறங்கும். வலுவில்லாத குட்டியால் அந்த அடைப்பைச் சப்பி எடுக்க முடியாது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. தாயின் அருகிலேயே கிடந்தும் குட்டி பட்டினியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக, விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது. பால் ஆறிவிடாமல் கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திவைத்தேன். சிறிது நேரம் கழித்துக் குட்டியின் வாயில் விரலை வைத்தபோது நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. அதன் பிறகே புட்டியைக் கொடுத்தேன். குட்டியைக் காலூன்றி நிற்கவைத்து, தலையைச் சற்றே உயர்த்திப் பிடித்து, காம்பை வாய்க்குள் வைத்துத் தாடையை லேசாகத் தாங்கிக்கொண்டேன். நாலைந்து மடக்கு இறங்கியதும் வால் விசிறத் தொடங்கியது. ஆட்டுக்குட்டி வாலை விசிறிக் குடித்தால் பால் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று நம்பலாம்.

அது ஏன் என்றால், குட்டி தானாகச் சப்பும்போது உணவுக்குழாயின் கீழ்ப்புறத்தில் உள்ள ஒரு பள்ளம் குழாய் போல மூடிக்கொண்டு, பாலை முதல் அறைகளில் தேங்கவிடாமல் நான்காவது இரைப்பைக்குக் கொண்டுசேர்க்கிறது. சங்கடையில், அதாவது பால் புகட்டும் சங்கில், ஊற்றிப் புகட்டும்போது அது சரியாக மூடாமல், பால் முதல் அறையில் தேங்கிப் புளித்து, வயிறு உப்பி, கழிச்சல் வரக்கூடும். புட்டியும் ரப்பர் காம்பும் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பணம் செலவழிக்க வைக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

சீம்பால் எவ்வளவு, எப்போது என்று கேட்டிருந்தீர்கள். மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே நோயெதிர்ப்புப் பொருள் ஓரளவு வந்துவிடுகிறது. வெள்ளாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. குட்டி எந்தக் காப்பும் இல்லாமல்தான் மண்ணில் விழுகிறது. அதற்குரிய காப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது, அதையும் குட்டியின் குடல் முதல் சில மணி நேரமே நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரம் கடந்தால் அநேகமாக அந்த வாசல் மூடிவிடும். ஆகவே முதல் மணி நேரத்துக்குள் முதல் பால் போய்ச் சேர வேண்டும். உடல் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை முதல் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு அது 200 மில்லி. நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம், அதற்கு மேல் விரும்பிக் குடித்தால் இன்னும் நல்லது. சீம்பாலை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள். அது திரிந்து கட்டியாகிவிடும், காக்கும் பொருளும் அழிந்துவிடும். வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

இந்த இடத்தில் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஓர் ஆடோ மாடோ ஈன்றது தெரிந்துவிட்டால், விடிவதற்குள் சொம்போடு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்த சீம்பால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் சிறுவயதில் பிடித்திருந்தது. ஆனால் குட்டி காம்பைத் தேடத் தொடங்கும் முன்பே "ஒரு சொம்பு மட்டும்" என்று திண்ணையில் உட்காருகிறவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது? இல்லை என்றால் கஞ்சத்தனம் என்று பேர், கொடுத்தால் குட்டிக்குப் போதாது. குட்டிக்காக நான் கறந்தால் பாவம் என்று சொல்லும் அதே வாய், தனக்காகக் கறந்து கொடுக்கச் சொல்லும்போது அந்தச் சொல்லை மறந்துவிடுகிறது. காய்ச்சல் பரவும் மாதங்களிலும் இப்படித்தான். ஆட்டுப்பால் குடித்தால் ரத்தத் தட்டணுக்கள் ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, என்ன விலையானாலும் சரி என்று வந்து நிற்பார்கள். அப்படி ஏறும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. மருத்துவமனைக்குப் போகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

எந்த உயிரின் பாலையும் மனிதன் எடுக்கக் கூடாது என்று கருதுபவர்கள் இதைப் படித்தால் என்னோடு வாதிடக்கூடும். அவர்களின் கொள்கையை நான் மதிக்கிறேன், ஆனால் நான் இங்கே பேசுவது குட்டிக்காகக் கறப்பதைப் பற்றி. "எங்கள் தாத்தா எதை அளந்து கொடுத்தார்?" என்று கேட்பவர்களும் உண்டு. தாத்தா காலத்து ஆடு பெரும்பாலும் மேய்ச்சலில் திரிந்த நாட்டு ஆடு. கன்னி, கொடி, சேலம் கருப்பு போன்றவை இறைச்சிக்கென வளர்க்கப்படும் இனங்கள், அவற்றில் பால் குட்டிக்குச் சரியாக இருக்கும், வீட்டுக்கென்று கறக்க நானும் சொல்ல மாட்டேன். தலைச்சேரி, ஜமுனாபாரி, பீட்டல் போன்றவற்றின் மடி வேறு. குட்டிகள் குடித்து மீந்த பால் மடியிலேயே தேங்கினால், மடி கல்லாக இறுகி ஆடு வலியில் குட்டியையே உதைத்து விரட்டத் தொடங்கும்.

கறக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காம்பை இழுக்கக் கூடாது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பு மடியோடு சேரும் இடத்தை வளைத்துப் பிடித்து, பால் மேலே திரும்பிப் போகாமல் அடைத்துக்கொண்டு, நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக அழுத்தி மூட வேண்டும். சிலர் கட்டைவிரலை மடித்து அதன் கணுவால் அழுத்திக் கறப்பார்கள். அது காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கும். மடியை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுக் கறக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், மடியின் ஒரு பக்கம் சுட்டால், அது மடிநோய். அந்தப் பக்கத்துப் பாலைக் குட்டிக்கும் கொடுக்காமல், வீட்டுக்கும் எடுக்காமல், உடனே மருத்துவரை அழையுங்கள். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, ஆட்டுக்குக் கொஞ்சம் அகத்திக்கீரை போட்டு அரை மணி நேரம் நிற்கவையுங்கள். காம்பின் துவாரம் மூடும் முன் ஆடு சாணத்தில் படுத்துவிடாமல் இருக்க அது உதவும்.

முதல் வாரத்துக்குப் பிறகு அவ்வளவு பதற்றம் தேவையில்லை. மூன்றாவது குட்டிக்கு நாளொன்றுக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை, நான்கு வேளையிலிருந்து மூன்று வேளையாகக் குறைத்துக் கொடுத்து வரலாம். புட்டியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுங்கள். கழிச்சலுக்குப் பாதிக் காரணம் அழுக்குப் புட்டி. இரண்டு வாரத்தில் குட்டி தழையைக் கடித்துப் பார்க்கத் தொடங்கும், மூன்று மாதத்தில் பாலை நிறுத்திவிடலாம். வீட்டுக்குப் பால் வேண்டுமானால், குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆன பிறகு இரவில் மட்டும் அவற்றைத் தனியே அடைத்து, காலையில் மடியில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் குட்டிகளுக்கு விட்டுவிடுங்கள். அந்தப் பாலை நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள். பச்சையாகக் குடித்தால் புரூசெல்லா காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடும். தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கைக்குழந்தைக்கு இதை மட்டும் கொடுத்து வளர்க்கவும் கூடாது. இதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, குழந்தைக்கு ரத்தசோகை வரும்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது அல்லவா? ஆடுகளைத் திடீரெனக் கொல்லும் குடல் நோயான துள்ளுமாரிக்குரிய தடுப்பூசியை ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே போட்டிருந்தால் அதன் பலன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் கிடைத்திருக்கும். இப்போது அதற்குக் காலம் கடந்துவிட்டது, அடுத்த ஈத்துக்கு நினைவில் வையுங்கள். இப்போதைக்கு டிங்சர் அயோடின், வெப்பமானி, புட்டி, சிறிய ரப்பர் காம்பு ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் யாருடைய ஆடாவது இந்த வாரம் ஈன்றால், அதன் குட்டிகள் குடித்த பிறகு மீந்த சீம்பாலைக் கேட்டு வாங்கி, 50 மில்லி அளவில் சிறு புட்டிகளில் உறையவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வரை உறைபெட்டியில் கெடாமல் இருக்கும். ஆடு கிடைக்காவிட்டால், அன்றே ஈன்ற பசுவின் சீம்பாலும் ஆபத்துக்கு உதவும்.

கடைசியாக, மூன்றாவது குட்டி எது என்று தேடிக் கண்டுபிடிக்க, பிறந்த உடனே மூன்றையும் எடை போட்டு எழுதிவைத்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எடை போடுங்கள். எடை ஏறாத குட்டிக்குப் புட்டி.